வாடாமல்லியை யார் கையில் கொடுப்பது?

சு. சமுத்திரம் மறைந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டன. 2003 ஏப்ரல் 1 அன்று சென்னையில் நேர்ந்த சாலை விபத்தில் அவர் உயிரிழந்தபோது அவருக்கு வயது 61. வார இதழ் வாசகர்கள் பலரும் அவரைச் சாகித்திய அகாதெமி விருது பெற்ற எழுத்தாளர் என்ற அளவில் நினைவில் வைத்திருக்கிறார்கள். எனக்கு அவர் வேறொரு காரணத்தால் முக்கியமானவர். தமிழ்நாட்டு நடுத்தரக் குடும்பங்களின் திண்ணையில், யாருடைய அனுமதியையும் கேட்காமல், ஒரு திருநங்கையின் கதையை வாரந்தோறும் கொண்டுவந்து வைத்தவர் அவர். அந்தக் கதையை அன்றைய பதின்பருவத்தினர் எப்படிப் படித்தார்கள், இன்றைய பிள்ளைகள் கைக்கு அது எப்படிப் போகிறது, அல்லது ஏன் போவதில்லை என்பதை யோசிக்கும்போதெல்லாம் அவருடைய வாழ்க்கைக்கே திரும்ப வேண்டியிருக்கிறது.

சமுத்திரம் 1941 டிசம்பரில், அன்றைய திருநெல்வேலி மாவட்டத்துத் திப்பணம்பட்டியில் பிறந்தார். அவ்வூர் இன்று தென்காசி மாவட்டத்தில் இருக்கிறது. நான் வசிக்கும் ஆனைக்குட்டத்திலிருந்து சிவகாசி, இராஜபாளையம் வழியாக ஏறக்குறைய மூன்று மணி நேரப் பயணம். எங்கள் ஊரைச் சுற்றித் தீப்பெட்டியும் பட்டாசும். அவருடைய ஊரைச் சுற்றிப் பனையும் பீடியும். மண்ணின் நிறம் வேறு, பிழைப்பு வேறு. ஊர்க்கட்டு என்ற ஒன்று மட்டும் இரண்டிடத்திலும் ஒன்றுதான். யார் யாரோடு பேசலாம், யார் எந்தத் தெருவில் செருப்போடு நடக்கலாம், எந்தப் பெண் எத்தனை மணிக்குமேல் வெளியே நிற்கக் கூடாது என்பதையெல்லாம் ஊர் முடிவு செய்யும். அந்த முடிவுக்குக் கட்டுப்படாதவர்கள் மீதுதான் சமுத்திரத்தின் கண் தொடக்கம் முதலே இருந்தது.

அவர் மத்திய அரசின் செய்தித் துறையில் பணியாற்றினார். அகில இந்திய வானொலி, தூர்தர்ஷன் ஆகியவை அவருடைய பணியிடங்கள். பகலில் அரசுச் செய்தியைத் திருத்தியவர், பிற நேரங்களில் அரசாங்கத்தின் மீதும் அதிகாரிகளின் மீதும் சாதித் திமிரின் மீதும் கோபத்தோடு கதைகள் எழுதிக்கொண்டிருந்தார். நூற்றுக்கணக்கான சிறுகதைகள், பதினான்கை ஒட்டிய நாவல்கள். இடதுசாரிச் சார்பு வெளிப்படையானது. சிற்றிதழ் வட்டம் அவரைப் பெரிதாகக் கொண்டாடியதில்லை. குரல் உரத்தது, செய்தித்தாள் நடை மிகுந்தது என்பது அவர்களுடைய தீர்ப்பு. அந்தத் தீர்ப்பில் உண்மையே இல்லையென்று நான் வாதிட மாட்டேன். சமுத்திரத்தின் பாத்திரங்கள் சில நேரம் மேடைப் பேச்சாளர்களைப்போலப் பேசிவிடுகிறார்கள். ஆனால் அந்த உரத்த குரலால்தான் அவருக்கு வார இதழ்களின் கதவு திறந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மெல்லிய குரலில் எழுதப்பட்ட கதைகள் முந்நூறு பிரதி அச்சான இதழ்களில் நின்றுவிட்ட காலம் அது.

முதல் நாவலான ‘ஒரு கோட்டுக்கு வெளியே’யில் உலகம்மை என்ற பெண் வருகிறாள். ஏழை, படிக்காதவள், ஊர்ப் பணக்காரர்களின் கட்டளைக்கு வளைய மறுப்பவள். ‘வேரில் பழுத்த பலா’ அரசு அலுவலகம் ஒன்றுக்குள் நாற்காலிகளுக்கும் கோப்புகளுக்கும் இடையே சாதி எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பதைக் காட்டுகிறது. அந்த அலுவலகத்தின் அடித்தட்டில் இருக்கும் தாழ்த்தப்பட்ட சமூகத்துப் பெண்ணுக்கு நேரும் அநீதியே அதன் மையம். இந்நூலுக்குத்தான் 1990-இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. பின்னர் எய்ட்ஸ் நோயைப் பற்றி ‘பாலைப்புறா’ எழுதினார். வரிசையைப் பார்த்தால் ஒரு பழக்கம் புலப்படும். எதைப் பற்றி வீட்டில் பேசக்கூடாது என்று சொல்வார்களோ, அதையே எடுத்துத் தொடர்கதையாக்குவார்.

‘வாடாமல்லி’ அந்த வரிசையில் வந்தது. 1990-களின் முற்பகுதியில் ஆனந்த விகடனில் தொடராக வெளியாகி, 1994-இல் நூலானது. திருநங்கையரின் வாழ்வை முழு நாவலாக எழுதிய முதல் தமிழ்ப் படைப்பு என்று அதைக் குறிப்பிடுவார்கள். முழு நாவல் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். ஏனென்றால் எங்கள் கரிசல் மண்ணிலேயே கி. ராஜநாராயணன் அதற்கு முன்பே ‘கோமதி’ என்ற சிறுகதையை எழுதிவிட்டார். பெண்மை மிகுந்த ஓர் ஆண், சமையல்காரராக வேலைக்குச் சேரும் வீட்டில் ஓர் ஆணின் மேல் கொள்ளும் ஆசை அந்தக் கதை. கி.ரா.வின் இடைசெவல் எங்களுக்கு அடுத்த ஊர் என்று சொல்லும் தூரத்தில்தான் இருக்கிறது. அந்தக் கதையைப் படித்தவர்கள் இலக்கிய வாசகர்கள். ‘வாடாமல்லி’யைப் படித்தவர்கள் எல்லோரும்.

அந்த எல்லோரும் என்ற சொல்லுக்குள் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகளும் இருந்தார்கள். அப்போது நான் ஒரு கிராமத்துப் பள்ளியில் தமிழாசிரியராகச் சேர்ந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. சிவகாசியில் அச்சகத்தில் வேலை பார்த்த பக்கத்து வீட்டு அண்ணாச்சி வாரம் தவறாமல் விகடன் வாங்கி வருவார். அவர் வீட்டிலிருந்து அது எங்கள் வீட்டுக்கும், அங்கிருந்து மூன்று தெருக்களுக்கும் போகும். முடிதிருத்தும் கடையில் கிடக்கும் பழைய பிரதி வேறு. பெரியவர்கள் நகைச்சுவைத் துணுக்குக்கும் திரைச்செய்திக்கும் புரட்டும் அதே இதழின் நடுவே சுயம்புவின் கதை இருந்தது. ஒரு பையன் அதைப் படிப்பதற்கு யாரிடமும் போய், இப்படிப்பட்ட புத்தகம் ஒன்று வேண்டும் என்று கேட்க வேண்டியதில்லை. கேட்பது என்பதே தன்னைக் காட்டிக்கொடுப்பதாக இருக்கும் ஒரு பிள்ளைக்கு, கேட்காமலே கிடைத்தது என்பது எத்தனை பெரிய விஷயம் என்று எனக்கு அப்போது தெரியாது. பல ஆண்டுகள் கழித்து, என்னிடம் படித்த ஒருவர் திருநங்கையாக என் வீட்டுக்கு வந்தபோது சொன்னார். அந்தத் தொடரின் பக்கங்களைக் கிழித்துக் கணக்கு நோட்டுக்குள் வைத்திருந்தாராம். தன்னைப்போல உலகத்தில் இன்னொருவர் உண்டு என்பதற்கு அவரிடம் அப்போது இருந்த ஒரே சான்று அந்தத் தாள்கள்.

சுயம்பு கிராமத்திலிருந்து பொறியியல் படிக்கச் சென்ற மாணவன். வீட்டின் நம்பிக்கை முழுவதும் அவன் தலையில் இருக்கிறது. ஆனால் அவனுக்குள் ஒரு பெண் இருக்கிறாள். அக்கா மரகதத்தின் சேலையைக் கட்டிக்கொள்ளும்போதுதான் அவனுக்கு உடல் தன்னுடையதாகத் தெரிகிறது. கல்லூரி அவனை வெளியே தள்ளுகிறது. வீடு அடிக்கிறது, பேய் பிடித்திருக்கிறது என்று பூசை போடுகிறது. ஊர் சிரிக்கிறது. வீட்டைவிட்டு ஓடி, சென்னையில் தன்னையொத்தவர்களைச் சந்தித்து, கூவாகம் போய், தில்லிவரை சென்று மேகலை என்னும் பெண்ணாகத் தலைநிமிர்வது மீதிக் கதை. சமுத்திரம் இதைக் கற்பனையில் மட்டும் நெய்யவில்லை. அந்த மக்களோடு பழகி, அவர்கள் வாழ்க்கையைக் கேட்டறிந்து எழுதினார். செய்தித் துறையில் இருந்தவருக்கு ஆள் தேடிப் போய்க் கேட்கும் பழக்கம் கைவந்தது. இலக்கியத்தில் பலரும் குறையாகச் சொன்ன அவருடைய பத்திரிகைத்தனம் இந்த ஒரு நூலில் அவருக்குப் பெரும் துணையாக நின்றது.

அந்த ஆண்டுகளின் சூழலையும் நினைவுகூர வேண்டும். நாவல் நூலாக வந்த 1994-இல்தான் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவை எதிர்த்து தில்லி உயர் நீதிமன்றத்தில் முதல் வழக்குத் தொடுக்கப்பட்டது. திகார் சிறையில் கைதிகளுக்கு ஆணுறை வழங்க மறுத்ததையொட்டி எழுந்த வழக்கு அது. தமிழில் அப்போது இதைப் பேசுவதற்கு மரியாதையான சொல்லே இல்லை. நாவலில் வழங்கும் ‘அலி’ என்ற சொல் இன்று இழிசொல்லாகிவிட்டது. பிறகு அரவாணி வந்தது, அதன் பிறகு திருநங்கை, திருநம்பி ஆகியவை வந்தன. சொல் இல்லாத காலத்தில் கதை எழுதியவரை, சொற்கள் வந்த பிறகு பிறந்தவர்கள் கண்டிப்பது எளிது.

ஆயினும் நூலின் குறைகளைச் சொல்லாமல் அதை ஒரு பிள்ளையின் கையில் கொடுக்க முடியாது. பாலினம் வேறு, பாலீர்ப்பு வேறு என்று இன்று நாம் பிரித்துப் பேசுகிறோம். நாவலில் அவை பிரியாமல் கிடக்கின்றன. பெண்ணை நேசிக்கும் பெண்ணுக்கும், ஆணாக வாழ விரும்பும் பெண்ணுடலுக்கும் அதில் இடமில்லை. துன்பம் அடுக்கடுக்காக வருகிறது. மகிழ்ச்சியாக இருப்பது இவர்களுக்கு இயலாது போலும் என்று ஓர் இளம் வாசகர் எண்ணிவிடக் கூடும். காவல் நிலையக் கொடுமையும் உடல் மாற்றச் சடங்கும் பத்து வயதுக் குழந்தைக்கு உரியவை அல்ல. என்னைக் கேட்டால், மேல்நிலை வகுப்புக்கு வந்தவர்கள் படிக்கலாம். படிக்கும்போது பக்கத்தில் பேசுவதற்கு ஒரு பெரியவர் இருந்தால் நல்லது. தொடர்கதையாக வந்த காலத்தில் அந்தப் பெரியவர் இல்லை. இருந்தது வாரம் ஒருமுறை வந்த இடைவெளி மட்டுமே. ஓர் அத்தியாயத்தின் அதிர்ச்சி அடங்க ஏழு நாள் கிடைத்தது. அதுவும் ஒருவகை உதவிதான் என்று இப்போது தோன்றுகிறது.

எங்கள் ஊரில் இந்தக் கதைக்கு வேறொரு வழியிலும் உறவு உண்டு. ஆனைக்குட்டத்து நீர்த்தேக்கம் அர்ச்சுனா நதியின் குறுக்கே கட்டப்பட்டது. அந்த நதி இருக்கன்குடியில் வைப்பாற்றோடு சேர்கிறது. ஆற்றின் பெயருக்குரிய அருச்சுனன் விராட நாட்டில் பிருகன்னளையாக ஓராண்டு வாழ்ந்தவன். அவனுடைய மகன் அரவானுக்குத்தான் கூவாகத்தில் சித்திரையில் விழா எடுக்கிறார்கள். களப்பலிக்கு ஒப்புக்கொண்டவனுக்கு மணமுடிக்கப் பெண் கிடைக்காதபோது கண்ணன் மோகினியாகி மணந்த கதை, தெருக்கூத்து பார்த்த வடதமிழ்நாட்டுக் குழந்தைக்கும் தெரியும். மணிமேகலையில் பேடி என்ற சொல் வருகிறது. ஆகவே இது வெளிநாட்டிலிருந்து இறக்குமதியான பேச்சு என்று யாராவது சொல்லும்போது நான் ஆற்றைக் காட்டுவேன். பழைய நூல்கள் எல்லாம் இவர்களை மதித்தன என்று சொல்ல வரவில்லை. இருந்தார்கள் என்பதை அவை அறிந்திருந்தன.

இங்கே சிவகாசியைப் பற்றியும் ஒரு செய்தி. தமிழ்ப் பிள்ளைகளுக்குப் படக்கதை என்ற ஒன்றைப் பழக்கிய ஊர் அது. 1972-இல் முத்து காமிக்ஸின் முதல் இதழாக ‘இரும்புக்கை மாயாவி’ அங்கிருந்துதான் வெளிவந்தது. 1984-இல் லயன் காமிக்ஸ் தொடங்கியது. அந்தப் புத்தகங்களைப் பாடநூலுக்குள் ஒளித்துப் படித்த தலைமுறை என்னுடையது. கெட்டுப்போய்விடுவீர்கள் என்று அடித்தார்கள். மாயாவியின் உடலில் மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துவிடுவான், இரும்புக்கை மட்டும் காற்றில் தெரியும். நான் சனிக்கிழமை மாலைகளில் ஊர்ப் பிள்ளைகளோடு நடத்தும் வாசிப்பு வட்டத்தில், ‘வாடாமல்லி’யின் முதல் சில அத்தியாயங்களைப் படித்த பிறகு ஒரு மாணவன் இதை நினைவூட்டினான். சுயம்பு தன்னை முழுவதும் மறைத்துக்கொள்கிறான், ஆனால் ஒரு கை மட்டும் எப்போதும் வெளியே தெரிந்துவிடுகிறது, எல்லோரும் அந்தக் கையையே பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று சொன்னான். நாற்பது ஆண்டுகள் இலக்கியம் கற்பித்த எனக்கு அந்த ஒப்புமை தோன்றியதில்லை. படக்கதை பிள்ளைகளைக் கெடுத்ததாக நம்பியவர்கள் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்களோ.

அப்படி நம்பியவர்கள் நம் ஊரில் மட்டும் இல்லை. அமெரிக்காவில் பிரெட்ரிக் வெர்தாம் என்ற மனநல மருத்துவர் 1954-இல் ஒரு நூல் எழுதினார். படக்கதைகள் சிறாரைக் குற்றவாளிகளாக்குகின்றன என்றும், பேட்மேனும் அவனுடைய இளம் துணைவன் ராபினும் வாழும் வாழ்க்கை ஓரினச்சேர்க்கையாளர்களின் கனவு என்றும் வாதிட்டார். அதே ஆண்டில் பதிப்பாளர்கள் தாங்களே ஓர் ஒழுங்கு நெறியை வகுத்துக்கொண்டு, அத்தகைய உறவுகளின் சாயல்கூடப் படக்கதைகளில் வராமல் அடைத்தார்கள். அடைப்பு பல பத்தாண்டுகள் நீடித்தது. வெர்தாம் தம்மிடம் வந்த இளைஞர்கள் சொன்னவற்றைத் தம் வாதத்துக்கு ஏற்றபடி மாற்றியும் சேர்த்தும் எழுதினார் என்பதை 2012-இல் ஓர் ஆய்வாளர் அவருடைய காகிதங்களைப் புரட்டி நிறுவினார். அதற்குள் எத்தனை பிள்ளைகள் வளர்ந்து முடிந்துவிட்டார்கள்! அதே நாட்டில் மையா கோபாபே என்பவர் தம் வாழ்க்கையை வரைந்த ‘ஜெண்டர் குயர்’ என்னும் படக்கதை நூல், 2021 முதல் மூன்று ஆண்டுகள் தொடர்ந்து, நூலகங்களிலிருந்து நீக்கக் கோரப்பட்ட நூல்களின் பட்டியலில் முதலிடத்தில் இருந்தது.

சமுத்திரம் இந்த மாற்றங்கள் எவற்றையும் பார்க்கவில்லை. அவர் இறந்த பிறகுதான் கதையின் மாந்தர்கள் தாங்களே எழுதத் தொடங்கினார்கள். ஆ. ரேவதி 2005-இல் ‘உணர்வும் உருவமும்’ தொகுத்தார். லிவிங் ஸ்மைல் வித்யாவின் ‘நான், சரவணன் வித்யா’ 2007-இல் வந்தது. ரேவதியின் தன்வரலாறான ‘வெள்ளை மொழி’ 2011-இல். பிரியா பாபு ‘மூன்றாம் பாலின் முகம்’ என்ற நாவலை எழுதினார். வெளியிலிருந்து ஒருவர் பரிவோடு எழுதுவதற்கும் உள்ளிருந்து ஒருவர் எழுதுவதற்கும் உள்ள வேறுபாட்டை, ‘வாடாமல்லி’யையும் ‘வெள்ளை மொழி’யையும் அடுத்தடுத்துப் படிக்கும் எந்தப் பதினேழு வயதுப் பிள்ளையும் கண்டுகொள்ளும். ரேவதியிடம் இரக்கத்தை வேண்டும் தொனி கிடையாது.

2008-இல் தமிழ்நாடு அரசு திருநங்கையருக்கு நல வாரியம் அமைத்தது. நாட்டிலேயே அது முதல் முயற்சி. 2014 ஏப்ரலில் மூன்றாம் பாலினத்தை உச்ச நீதிமன்றம் ஏற்றது. 2018 செப்டம்பரில் 377-ஆம் பிரிவின் கொடுக்கு ஒடிக்கப்பட்டது. மதுரையில் பிறந்த நர்த்தகி நடராஜுக்கு 2019-இல் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. பள்ளித் தமிழ்ப் பாடநூலிலும் அவரைப் பற்றிப் பாடம் வந்தது. 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், தன்பாலீர்ப்பை மாற்றுவதாகச் சொல்லும் சிகிச்சைகளைத் தடை செய்யச் சொல்லி, பள்ளி, கல்லூரிகள் இந்த மாணவர்களை எவ்வாறு நடத்த வேண்டும் என்பதற்கும் வழிகாட்டினார். தீர்ப்பு எழுதுவதற்கு முன் தமக்கே இப்பொருளில் அறிவு போதாது என்று கருதி, உளவியலாளர் ஒருவரிடம் அவர் பாடம் கேட்டது தனிக்கதை. அதன் தொடர்ச்சியாக 2022-இல் மதிப்பான தமிழ்ச் சொற்களின் பட்டியல் அரசிதழில் வெளியானது.

சட்டம் இவ்வளவு தூரம் வந்துவிட்டது. நூலகத்து அலமாரி எவ்வளவு தூரம் வந்திருக்கிறது? தேசியக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சிக் குழுமம் 2021-இல் ஆசிரியர்களுக்காக வெளியிட்ட, பாலின வேறுபாடுள்ள குழந்தைகளைப் பள்ளியில் இணைத்துக்கொள்வதற்கான கையேடு, எதிர்ப்பு எழுந்ததும் சில நாள்களிலேயே இணையத்திலிருந்து மறைந்தது. கீழ்மட்டத்திலும் நிலைமை இதுவே. எங்கள் வட்டாரத்துப் பள்ளி ஒன்றுக்கு நான் அன்பளிப்பாக அளித்த நூல்களில் ‘வாடாமல்லி’யும் ‘வெள்ளை மொழி’யும் இருந்தன. மற்றவை அடுக்கில் ஏறின. இவை இரண்டும் தலைமை மேசையின் இழுப்பறைக்குள் போயின. காரணம் கேட்டபோது, தடை என்று யாரும் சொல்லவில்லை. வேண்டுகிற பிள்ளை வந்து கேட்டால் கொடுப்போம் என்றார்கள். நல்லெண்ணத்தோடுதான் சொன்னார்கள். எந்தப் பிள்ளை வந்து கேட்கும்?

சமுத்திரம் செய்த காரியத்தின் அளவு எனக்கு அன்றுதான் முழுமையாக விளங்கியது. பிள்ளையைக் கேட்க வைக்காமல் கொடுத்தார். இன்று வார இதழ்கள் வீட்டுக்கு வருவது குறைந்துவிட்டது. தொடர்கதை படிப்பவர் அரிது. பிள்ளைகளின் கையில் இருப்பது அலைபேசி. அதில் இந்தப் பொருள் பற்றிய எல்லாம் கிடைக்கிறது, கேலி, ஆபாசம், வெறுப்பு, பாதி உண்மை எல்லாமும். ஒரு முழு மனிதரை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை கூட நடந்துபோய்ப் பார்ப்பது மட்டும் அதில் அரிதாகவே கிடைக்கிறது. என் வட்டத்துக்கு வரும் பிள்ளைகளில் சிலர் விடுமுறையில் பட்டாசுக்குப் பெட்டி ஒட்டும் வீடுகளிலிருந்து வருகிறார்கள். ஐந்நூறு பக்க நாவலைப் பொறுமையாகப் படிக்கும் நேரமும் பழக்கமும் எல்லோருக்கும் இல்லை. படக்கதை என்றால் கை நீள்கிறது. மர்ஜானே சத்ரபியின் ஈரான் நினைவுகளை விடியல் பதிப்பகம் தமிழில் கொண்டுவந்தது. அம்பேத்கரின் வாழ்வைக் கோண்டு ஓவியத்தில் சொன்ன ‘பீமாயணம்’ தமிழிலும் உண்டு. இவை இரண்டையும் எங்கள் பிள்ளைகள் கிழியும்வரை படித்திருக்கிறார்கள். அம்ருதா பாட்டீல் 2008-இல் ஆங்கிலத்தில் வரைந்து எழுதிய ‘கரி’, பெண்ணை நேசிக்கும் ஓர் இந்திய இளம்பெண்ணின் கதை. அதைப் படம் பார்த்தே பாதி புரிந்துகொண்ட ஒரு மாணவி, தமிழில் இப்படி ஒன்று வேண்டும் என்றாள்.

இருக்கும் நூலையே எடுத்துக்கொள்ளலாமே என்பதுதான் என் யோசனை. சமுத்திரத்தின் படைப்புகளைத் தமிழ்நாடு அரசு நாட்டுடைமையாக்கியிருக்கிறது. அவற்றை எவரும் அச்சிடலாம், சுருக்கலாம், வேறு வடிவத்துக்கு மாற்றலாம். உரிமைத் தொகையோ அனுமதிக் கடிதமோ வேண்டியதில்லை. இணையத்திலும் அவை இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனைக்குட்டத்திலிருந்து பார்த்தால் கூப்பிடு தூரத்தில், நாட்டின் நாள்காட்டிகளையும் குறிப்பேடுகளையும் அச்சிட்டுத் தள்ளும் சிவகாசி இருக்கிறது. வண்ண அச்சு தெரிந்த கைகளும், படக்கதைக்கு ஐம்பது ஆண்டு வாசகர் கூட்டமும் அங்கே இருக்கின்றன. ‘வாடாமல்லி’ அங்கே ஒரு படக்கதையாக அச்சேறுவதற்குப் பணத்தைத் தவிர வேறு பெரிய தடை எனக்குத் தெரியவில்லை. பணமும் ஒரு திருமண அழைப்பிதழ் வகையின் செலவுக்குள் தொடங்கக்கூடியதுதான்.

அதை எழுதவும் வரையவும் திருநங்கைக் கலைஞர்கள் முன்னிற்க வேண்டும் என்பது என் கருத்து. 1994-இல் சமுத்திரம் தம்மாலியன்றதைச் செய்தார்; இன்று அதே கதையை அவர் மட்டும் சொல்ல வேண்டிய நிலைமை இல்லை. பழைய சொற்களை மாற்றலாமா, அடிக்குறிப்போடு அப்படியே விடலாமா என்று என் வட்டத்துப் பிள்ளைகளிடையே இரண்டு சனிக்கிழமைகள் சண்டை நடந்தது. ஒரு சாரார் மாற்றச் சொன்னார்கள். சொல்லை மாற்றினால் அந்தக் காலத்தில் எப்படித் திட்டினார்கள் என்பதும் மறைந்துபோகும் என்று மற்றவர்கள் சொன்னார்கள். திட்டுபவர்களின் வாயில் பழைய சொல் இருக்கட்டும், கதை சொல்பவர் புதிய சொல்லால் அழைக்கட்டும் என்று கடைசியில் ஒரு சமரசம் ஏற்பட்டது. ஒரு பதிப்பாசிரியர் குழுவுக்கு ஒரு மாதம் பிடித்திருக்கும்.

இன்னொன்றும் அவர்கள் தீர்மானித்தார்கள். முதல் பக்கத்தில் அடிவாங்கும் சுயம்புவை வரையக் கூடாது. மரகதத்தின் சேலையைக் கட்டிக்கொண்டு, கண்ணாடி முன் முதன்முதலாகச் சிரிக்கும் முகம் வர வேண்டும். அந்தச் சேலைக்கு என்ன நிறம் தருவது என்பதில் அவர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை.